வெளிச்சம் படாத எலிகள்: குளிர் லேசரின் ஒரு சிறு வரலாறு

போன மாசம் டொரொன்டோவில இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. அவவின்ர நாய் ரோமி ஒரு மெத்தையில படுத்திருக்கு. கண்ணில கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில நிக்கிற பிள்ளையும் கண்ணாடி போட்டிருக்கு. அந்தப் பிள்ளை டோர்ச் மாதிரி ஒண்டைக் கையில பிடிச்சு, ரோமியின்ர முதுகில மெல்ல மெல்ல நகர்த்துது. சிவப்பு வெளிச்சம். ரோமி கொட்டாவி விடுது.

வீடியோவுக்குக் கீழ ஒரு வொய்ஸ்: "உதுக்குப் பேர் கோல்ட் லேசராம். ஒப்பரேஷன் செய்து ஒம்பது நாள்ல எழும்பி நடந்திட்டான். நீதானே உதுகளை வாசிக்கிறனீ, ஒருக்காப் பாத்துச் சொல்லு. உண்மையா லேசர்தான் நடக்க வச்சதோ?"

ரோமி ஒரு டாக்ஸ்ஹண்ட். நீட்டு உடம்பு, கட்டைக் கால். ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்பது வளை தோண்டி வாழும் பட்ஜர் என்ற விலங்கு, 'ஹுண்ட்' என்பது நாய். வளைக்குள் புகுந்து வேட்டையாடுவதற்காக, கால் கட்டையான நாய்களை மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். கட்டைக் காலோடு இன்னொன்றும் சேர்ந்து வந்துவிட்டது: முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் இளவயதிலேயே காய்ந்து இறுகிப் போகும். ஒரு நாள் கதிரையில் இருந்து குதிக்கும்போது தட்டுப் பிதுங்கி முண்ணாணை அழுத்தினால், பின்னங்கால் இரண்டும் விழுந்துவிடும். ரோமிக்கு நடந்தது அதுதான்.

அவனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. லேசர் வெளிச்சம் பட்டது. ஒன்பது நாட்கள் போயின. இந்த மூன்றில் எது அவனை நடக்க வைத்தது?

கேள்வி சின்னதுதான். ஆனால் பதிலைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது அது என்னைக் கொப்பன்ஹேகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் புடாபெஸ்டுக்கும் இழுத்துக்கொண்டு போனது. பல வருசத்துக்கு முன்னர் முதுகு மழிக்கப்பட்டுக் கூண்டுக்குள் இருந்த சில எலிகளிடம்தான் கடைசியில் போய் நின்றேன்.

கூரையில் ஒரு பூனை

வெளிச்சத்தை மருந்தாகப் பயன்படுத்தும் எண்ணம் லேசருக்கு மிகவும் முந்தியது. நவீன மருத்துவத்தில் அதற்கு ஒரு இடம் வாங்கிக் கொடுத்தவர் நீல்ஸ் ஃபின்சன். 1860 இல் ஃபரோ தீவுகளில் பிறந்து, டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் மருத்துவம் படித்தவர். இளவயதிலிருந்தே நோயாளி. அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: ஜன்னலுக்கு வெளியே கூரையில் ஒரு பூனை வெயில் காய்ந்துகொண்டு படுத்திருந்ததாம். நிழல் தன் பக்கம் நகர நகர, அது எழும்பி வெயில் பக்கம் போய்ப் படுத்ததாம். 'வெயிலில் ஏதோ இருக்கு' என்று அவருக்குப் பட்டதாம்.

கதை எவ்வளவு உண்மையோ, அவர் செய்த வேலை உண்மை. தோலில் வரும் காசநோய் அந்தக் காலத்தில் மனிதரின் முகத்தையே தின்றுவிடும். அதற்கு அவர் வில் விளக்கின் ஒளியைப் படிக வில்லைகளால் குவித்துப் பாய்ச்சினார். 1896 இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். 1903 இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த வருடமே, 43 வயதில், இறந்து போனார்.

பின்னர் அன்ரிபயோட்டிக் மருந்துகள் வந்தன. ஒளிச் சிகிச்சையை மருத்துவ உலகம் மெல்ல மெல்ல மறந்தது. ஆனால் ஃபின்சன் நோபல் பரிசு வாங்கிய அதே 1903 இல் ஹங்கேரியில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. பெயர் எண்ட்ரே மெஸ்ட்டர். அவரிடம் போவதற்கு முன் அவர் கையில் எடுத்த கருவியைப் பார்க்க வேண்டும்.

வேலை தேடிய கருவி

1960 மே 16. கலிபோர்னியாவின் மலிபு நகரில், ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில், தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். சுருள் வடிவ மின்வெட்டு விளக்கு ஒன்று. அதற்கு நடுவில் மாணிக்கக் கல்லில் செய்த ஒரு சிறு தண்டு. (இரத்தினபுரியில தோண்டி எடுத்த மாணிக்கம் இல்ல, செயற்கையா வளர்த்தது!) அதிலிருந்து ஒரே நிறத்தில், ஒரே திசையில், ஒழுங்காக அணிவகுத்த சிவப்பு ஒளி வந்தது. அலைநீளம் 694 நனோமீற்றர். இன்றைக்கு மே 16 ஐ யுனெஸ்கோ சர்வதேச ஒளி நாளாகக் கொண்டாடுவது இதற்காகத்தான்.

அப்போது இதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெளிவில்லை. 'விடை கையில இருக்கு, கேள்வியைத்தான் தேடுறம்' என்பது போல ஒரு பகிடி அந்த ஆய்வாளர்களிடையே ஓடியது. ஆனால் மருத்துவர்கள் விரைவிலேயே வந்துவிட்டார்கள். 1961 டிசம்பரில் நியூயோர்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரையில் இருந்த கட்டியை லேசரால் சுட்டு அழித்தார்கள். பொஸ்டனில் போல் மெக்கஃப் என்ற மருத்துவர், ஆய்வுக்கூட விலங்குகளில் வளர்த்த புற்றுநோய்க் கட்டிகளை லேசரால் அழிக்க முடியும் என்று காட்டினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் எல்லாருக்கும் லேசர் என்றால் சூடு. சுடுவது, வெட்டுவது, பொசுக்குவது. லேசர் வெளிச்சம் எதையும் சுடாமல் உடம்போடு கதைக்கக்கூடும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

புடாபெஸ்டில் நடந்தது

மெஸ்ட்டர் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தார். 1960களின் நடுப்பகுதியில் அவருக்கும் ஒரு மாணிக்க லேசர் கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்தது இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒரு கதையில், மெஸ்ட்டர் மெக்கஃபின் பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்க்க நினைத்தார், ஆனால் அவருடைய லேசர் பலம் குறைந்தது, கட்டி கரையவில்லை. மற்றக் கதையில், லேசர் ஒளி பட்டால் புற்றுநோய் வருமா என்று அறிவதுதான் அவருடைய நோக்கம், புற்றுநோய் வரவில்லை. எந்தக் கதையை எடுத்தாலும், அவர் எதைத் தேடிப் போனாரோ அது கிடைக்கவில்லை. எலிகளின் முதுகை மழித்தார். ஒரு கூட்டத்துக்கு ஒளி பாய்ச்சினார், மற்றக் கூட்டத்துக்குப் பாய்ச்சவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் கெதியா முளைத்தது. இதை அவர் 1967-68 காலத்தில் வெளியிட்டார்.

முதல் தடவை வாசித்தபோது இதில் பெரிசாக ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 'தற்செயலா ஒண்டு கண்டுபிடிச்சிட்டார்' என்று கடந்து போய்விட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். மழித்த எலிக்கு மயிர் எப்படியும் வளரும். லேசர் அடித்தாலும் வளரும், அடிக்காவிட்டாலும் வளரும். மெஸ்ட்டரிடம் ஒளி பட்ட எலிகள் மட்டும் இருந்திருந்தால், 'மயிர் வளர்ந்தது' என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரிந்திருக்காது. அதைக் கண்டுபிடிப்பு என்று யார் சொல்லுவார்?

'கெதியா' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு இன்னொரு கூட்டம் தேவைப்பட்டது. ஒன்றும் செய்யப்படாமல் சும்மா இருந்த எலிகள். வெளிச்சம் படாத எலிகள். கண்டுபிடிப்பைச் சாத்தியமாக்கியது அவைதான்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1969 இல் செம்மல்வைஸ் என்று பெயர் வைத்தார்கள். இக்னாஸ் செம்மல்வைஸை எங்களில் பலருக்குத் தெரியும்: வைத்தியர்கள் கை கழுவ வேண்டும் என்று சொன்ன ஹங்கேரியர். 1840களில் வியன்னா மருத்துவமனை ஒன்றில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவிச்சிகள். மாணவர்களின் வார்டில் தாய்மார் கூடச் செத்தார்கள். அந்த மாணவர்கள் பிணங்களை அறுத்துப் படித்துவிட்டு, அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தவர்கள். 1847 இல் செம்மல்வைஸ் கை கழுவ வைத்தார், சாவு குறைந்தது. அவருக்கும் வழிகாட்டியது ஒப்பீடுதான். இரண்டாவது வார்டு இல்லையென்றால் முதல் வார்டில் நடந்தது வெறும் விதி என்றே போயிருக்கும்.

எலியிலிருந்து மனிதருக்கு

மெஸ்ட்டர் எலிகளோடு நிற்கவில்லை. அடுத்து விலங்குகளின் காயங்களுக்கு ஒளி பாய்ச்சினார். 1970களின் தொடக்கத்தில், மாதக்கணக்கில் ஆறாத கால் புண்களோடு வந்த மனிதர்களுக்கும் பாய்ச்சத் தொடங்கினார். ஆனால் அவர் இருந்தது பனிப்போர்க் காலத்து ஹங்கேரி. அவருடைய ஆரம்பக் கட்டுரைகள் ஹங்கேரிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலுமே வந்தன. கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் இந்தச் சிகிச்சை வேகமாகப் பரவியது. மேற்கில் பலர் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

அந்தச் சந்தேகத்தை முழுக்கப் பிழை என்று சொல்லவும் ஏலாது. 'சுடாத ஒளி உடம்புக்குள் என்ன செய்கிறது?' என்று கேட்டால் ஒழுங்கான பதில் அப்போது இருக்கவில்லை. 1980களில் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் டீனா காரு. மொஸ்கோவுக்கு அருகே ட்ரொயிட்ஸ்க் நகரில் வேலை செய்த விஞ்ஞானி. எந்த அலைநீளத்துக்குக் கலங்கள் எவ்வளவு துலங்குகின்றன என்று ஒவ்வொன்றாக அளந்தார். ஓ.எல். படித்த காலத்தில் 'இழைமணி கலத்தின் சக்தி நிலையம்' என்று பாடமாக்கியது ஞாபகம் இருக்கா? அந்த இழைமணிக்குள் சைற்றோகுறோம் சி ஒக்சிடேஸ் என்றொரு நொதியம் உண்டு. சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை வாங்கிக்கொள்வது அதுதான், அதனால் கலத்தின் சக்தி உற்பத்தி கூடுகிறது என்பது காருவின் விளக்கம். 1984 இல் இத்தாலிய ஆய்வாளர்களும், எலியின் ஈரலிலிருந்து பிரித்தெடுத்த இழைமணிகளில் சிவப்பு லேசர் பட்டதும் ஏ.ரி.பி. உற்பத்தி கூடியதைக் காட்டினார்கள்.

அதோடு கதை முடிந்துவிடவில்லை. அந்த நொதியமே இல்லாத கலங்களும் ஒளிக்குத் துலங்கின என்று 2019 இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் இரண்டு விசயத்தில் பெரும்பாலானோர் உடன்படுகிறார்கள். முதலாவது, அளவு முக்கியம்: குறைந்த அளவு ஒளி தூண்டும், அளவு கூடினால் அதே ஒளி தடுக்கும். கூடக் குடுத்தாக் கூட நன்மை என்ற கணக்கு இங்கே சரிவராது. இரண்டாவது, லேசரேதான் வேண்டும் என்றில்லை. விண்வெளியில் செடி வளர்க்க நாசாவுக்காகச் செய்த எல்.ஈ.டி. விளக்குகளை வைத்தே அமெரிக்க மருத்துவர்கள் காயங்களில் ஆய்வு செய்தார்கள். அதனால்தான் 2010களின் நடுவிலிருந்து ஆய்வாளர்கள் 'குளிர் லேசர்' என்ற பெயரைக் குறைத்து, 'ஃபோட்டோபயோமொடியுலேஷன்' என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒளியால் உயிரின் இயக்கத்தைக் கூட்டிக் குறைப்பது என்று பொருள்.

மனித மருத்துவத்தில் இதற்கு இப்போது ஒரு இடம் உண்டு. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2002 இல், மணிக்கட்டு நரம்பு நெரிவதால் வரும் வலிக்கு இத்தகைய லேசர் கருவி ஒன்றை அனுமதித்தது. 2007 இல் முடி கொட்டுகிறவர்களுக்கான லேசர் சீப்பு ஒன்றும் அனுமதி பெற்றது. மெஸ்ட்டரின் எலிகளை நினைத்துச் சிரிப்பு வந்தது எனக்கு! ஆகப் பலமான ஆதாரம் இருப்பது வேறோர் இடத்தில்: புற்றுநோய்ச் சிகிச்சையால் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணியே விழுங்க ஏலாமல் தவிக்கிற நோயாளிகளிடம். அந்தப் புண் வராமல் தடுக்க இந்த ஒளியைப் பயன்படுத்தலாம் என்று சர்வதேச வழிகாட்டல்களே சொல்கின்றன. ஆகவே 'உது முழுக்கப் பேய்க்காட்டல்' என்று தள்ளிவிடவும் முடியாது.

திரும்பவும் விலங்குகளிடம்

எலியில் தொடங்கி மனிதருக்குப் போன சிகிச்சை, விலங்குகளிடம் எப்படித் திரும்பி வந்தது? முதலில் வந்தது குதிரைகளிடம். பந்தயக் குதிரையின் காலில் தசைநாண் வீங்கினால் முதலாளிக்குப் பெரிய நட்டம். 1983 இலேயே கனடாவில் பந்தயக் குதிரைகளின் தசைநாண்களுக்கு லேசர் கொடுத்துப் பார்த்து ஓர் ஆய்வு வெளியானது.

நாய், பூனைகளிடம் வர இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன. ஒன்று, கருவி மலிவாக வேண்டும். 1982 இல் சி.டி. பிளேயர் வந்தபோது, அதற்குள் இருந்த சிறு லேசர் டயோட்டுகளை இலட்சக்கணக்கில் செய்யத் தொடங்கினார்கள். மேசை நிறைய இடம் பிடித்த லேசர் கைக்குள் அடங்கியது. மற்றது, செல்லப்பிராணிக்கு வீட்டில் இருந்த இடம் மாற வேண்டும். முற்றத்தில் கட்டிக் கிடந்த நாய் கட்டிலுக்கு வந்தது. கட்டிலில் படுக்கிற பிள்ளைக்கு வலிக்கிறதென்றால் சும்மா இருக்க மனம் வருமா?

வலி என்பதுதான் இங்கே உண்மையான பிரச்சினை. வயது போன நாய்க்கு மூட்டுவாதம் வரும். அதற்கான வலி நிவாரணிகளை நீண்ட காலம் கொடுத்தால் சில நாய்களுக்கு வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். பூனையின் நிலை இன்னும் மோசம். நாங்கள் தலையிடிக்குப் போடுகிற பனடோல் பூனைக்கு நஞ்சு. ஒரு குளிசையே கொன்றுவிடும். (தயவுசெய்து இதை மட்டும் மறக்காதேங்கோ.) இப்படி மருந்துப் பெட்டி சின்னதாக இருக்கிற உலகத்தில், ஊசி இல்லாத, நோகாத, மிருகம் கொட்டாவி விட்டுக்கொண்டு வாங்குகிற ஒரு சிகிச்சை வந்தால் வைத்தியரும் விரும்புவார், வளர்ப்பவரும் விரும்புவார்.

ஆனால் ஒரு வித்தியாசம். அமெரிக்காவில் மனிதருக்கான மருத்துவக் கருவி சந்தைக்கு வரப் பெரும்பாலும் முன் அனுமதி வேண்டும். விலங்குகளுக்கான கருவிக்கு அப்படி முன் அனுமதி தேவையில்லை. ஆகவே கருவி முதலில் வந்தது, 'வேலை செய்யுதா?' என்ற கேள்வி பின்னால்தான் வந்தது.

ஃபுளோரிடாவும் லியேஜும்

ரோமியின் நிலையில் இருந்த நாய்களை வைத்தே அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

2012 இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. தட்டுப் பிதுங்கிப் பின்னங்கால் விழுந்த 36 நாய்கள். எல்லாவற்றுக்கும் சத்திரசிகிச்சை நடந்தது. வந்த ஒழுங்கில் ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் 810 நனோமீற்றர் லேசரை ஐந்து நாள் வரை கொடுத்தார்கள். லேசர் பெற்ற நாய்கள் எழும்பி நடக்க எடுத்த இடைநிலைக் காலம் 3.5 நாள். பெறாத நாய்களுக்கு 14 நாள். இதை வாசித்தபோது எனக்கே கொஞ்சம் உற்சாகம் வந்தது. மச்சாளுக்கு உடனே அனுப்பப் பார்த்தேன்.

நல்ல காலம், அனுப்பவில்லை. 2017 இல் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதே சத்திரசிகிச்சை செய்த 32 நாய்களை எடுத்தார்கள். இம்முறை லேசர் பெறாத நாய்களுக்குப் பொய் லேசர் கொடுத்தார்கள். எல்லாம் லேசர் மாதிரியே நடக்கும், ஒளி மட்டும் வராது. முடிவு: நடக்கத் தொடங்கிய காலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

மற்ற ஆய்வுகளும் இப்படித்தான், ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நிற்கின்றன. 2015 இல் ஓர் ஆய்வில், ஒரே நாயின் ஒரு பக்கக் காயத்துக்கு ஒளி, மறு பக்கக் காயத்துக்கு இல்லை. இரண்டு காயமும் ஒரே மாதிரியே ஆறின. 2018 இல் முழங்கை மூட்டுவாதம் உள்ள 20 நாய்களுக்குச் செய்த ஆய்வில், உண்மை லேசர் பெற்ற 11 நாய்களில் 9 இற்கு வலி மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. பொய் லேசர் பெற்ற 9 நாய்களில் ஒன்றுக்குக்கூட முடியவில்லை.

எல்லாமே சிறிய ஆய்வுகள். அலைநீளம் வேறு, அளவு வேறு, நோய் வேறு. கறுத்த உரோமம் ஒளியைத் தானே குடித்துவிடும், வெள்ளை உரோமம் தெறிக்கவிடும். ஆகவே 'லேசர் வேலை செய்யுதா?' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. எந்த நோய்க்கு, எந்த அளவில், எந்த மிருகத்துக்கு என்று கேட்டால்தான் பதில் வரத் தொடங்கும். மூட்டுவாதத்தில் நம்பிக்கை தருகிற அறிகுறி உண்டு. ரோமிக்கு நடந்ததில் இரண்டு பக்கமும் சாட்சி உண்டு.

நேசிக்கிறவரின் கண்

பொய் லேசர் எதற்கு என்று கேட்பீர்கள். நாய்க்கு 'எனக்கு மருந்து தந்தவை' என்று தெரியாதே, அது எப்படி ஏமாறும்?

நாய் ஏமாறாது. நாங்கள் ஏமாறுவோம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். மூட்டுவாதத்தால் நொண்டும் நாய்களுக்கு வெற்று மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. நாய் காலில் எவ்வளவு பாரம் வைக்கிறது என்பதைத் தரையில் பதித்த ஒரு தட்டு அளந்தது. தட்டின் கணக்கில் முன்னேற்றம் இல்லாதபோதும், 'இப்ப நல்லா நடக்குது' என்று வளர்த்தவர்களில் பலர் சொன்னார்கள். வைத்தியர்களும் அப்படியே சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. நேசிக்கிறவரின் கண் முன்னேற்றத்தைத் தேடும், தேடினால் கண்டுபிடிக்கும்.

மனித நோயாளி 'இன்னும் நோகுது டொக்டர்' என்று சொல்லிவிடலாம். ரோமிக்கு அந்த வாய் இல்லை. அவனுக்காகக் கதைப்பது நாங்கள்தான், எங்கள் ஆசையும் கூடவே கதைக்கும். 'சுகமாயிட்டுது' என்று நம்பி வலி மருந்தை நிறுத்திவிட்டால், நோவை அனுபவிக்கப் போவது நாங்கள் இல்லை. உள்ளுக்குள் நொந்துகொண்டே வாலை ஆட்டப் போவது அவன். அதனால்தான் பொய் லேசர், அளக்கும் தட்டு, ஒளி படாத மற்றக் கூட்டம் எல்லாம் தேவைப்படுகின்றன. இவற்றை விஞ்ஞானிகளின் நம்பிக்கையீனம் என்று நான் பார்க்கவில்லை. வாய் இல்லாத ஒரு சீவனின் பக்கம் நின்று கேட்பதற்கு எங்களிடம் இருக்கிற வழி இதுதான்.

மச்சாளுக்கு என்ன சொன்னேன்?

உண்மையைச் சொன்னேன்: "ரோமி எதால நடந்தவன் எண்டு உங்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. தெரிய வேணுமெண்டா இன்னொரு ரோமி வேணும். அதே வயசு, அதே நோவு, அதே ஒப்பரேஷன். ஆனா வெளிச்சம் படாத ரோமி."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அப்ப நிப்பாட்டவோ?" என்று கேட்டா.

நிப்பாட்டச் சொல்லவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பழகினவர் சரியான அளவில் செய்தால் பெரிய கெடுதல் வராது. புற்றுநோய்க் கட்டி இருக்கிற இடத்தில் பாய்ச்சக்கூடாது, கர்ப்பமான மிருகத்தின் வயிற்றில் பாய்ச்சக்கூடாது, பலம் கூடிய லேசரை ஒரே இடத்தில் பிடித்தால் தோல் சுடும். இவற்றை வைத்தியரிடம் கேட்கச் சொன்னேன். எத்தனை தடவை, எதைப் பார்த்து நிறுத்துவது என்று முதலே கேட்டு எழுதி வைக்கச் சொன்னேன். வலி மருந்தைத் தானாக நிறுத்த வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன். கிழமைக்கு ஒருக்கா, ஒரே இடத்தில, ஒரே தரையில ரோமி நடக்கிறதை வீடியோ எடுத்து, திகதியை மறைத்து, அவனைத் தெரியாத யாரிடமாவது காட்டி 'எதில நல்லா நடக்கிறான்?' என்று கேட்கச் சொன்னேன். மினசோட்டாவின் தட்டு எங்களிடம் இல்லை. ஆசைப்படாத இன்னொரு கண்ணாவது இருக்கட்டும்.

இது லேசருக்கு மட்டும் உரிய கேள்வியில்லை. நாயின் புண்ணுக்கு வேப்பெண்ணெய் பூசி 'மாறிட்டுது' என்று சொல்லும்போதும், காய்ச்சலுக்கு ஒன்றைக் குடித்து 'கேட்டிட்டுது' என்று சொல்லும்போதும் அதே கேள்விதான். பூசாமல் விட்டிருந்தால், குடிக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

மெஸ்ட்டர் 1984 இல் இறந்தார். நாய்க்குட்டிகள் கண்ணாடி போட்டுக்கொண்டு லேசர் எடுக்கும் காலத்தை அவர் பார்க்கவில்லை. ஒளிச் சிகிச்சையின் தந்தை என்று அவரை எழுதுகிறார்கள், சரிதான். ஆனால் ஒளி பட்ட எலிகளோடு சேர்த்து, பக்கத்துக் கூண்டில் சும்மா இருந்த மற்ற எலிகளையும் நான் நினைத்துக்கொள்கிறேன். அவற்றின் முதுகையும் மழித்தார்கள். அவற்றின் மயிரும் வளர்ந்தது, தன்பாட்டில், மெதுவாக.

நேற்று மச்சாள் திரும்பவும் ஒரு வீடியோ அனுப்பினா. கண்ணாடி இல்லை, லேசர் இல்லை. ரோமி சமையலறைத் தரையில் நடக்கிறான், பின்னங்கால் கொஞ்சம் இழுபடுது. கீழே எழுதியிருந்தா: "முதலாவது கிழமை. நான் ஒண்டும் சொல்லேல்ல. நீயே பார்."